சொரோரிட்டி, ஃபிரட்டர்னிட்டியில் சேரப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டியவை

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சொரோரிட்டி என்பது கிரேக்க எழுத்துப் பெயரில் இயங்கும் மாணவிகள் சங்கம், ஃபிரட்டர்னிட்டி என்பது பெரும்பாலும் பையன்களின் சங்கம். நான் கோவையிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போனவள். நடுமேற்கில் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகம். ஊர் பிடிபடுவதற்கு முன்பே சொரோரிட்டி ரஷ்ஷுக்கு, அதாவது ஆள் சேர்க்கும் நாட்களுக்கு, பெயர் கொடுத்தேன். ஒரு வாரத்தில் சேர்ந்தேன். ஐந்தாவது வாரத்தில் விலகினேன். அதற்குள் கையைவிட்டுப் போனது 915 டாலர்: பதிவுக்கு 75, புது உறுப்பினர் கட்டணம் 240, சந்தாவின் முதல் தவணை 380, உடைகளுக்கும் டீ-ஷர்ட்டுகளுக்கும் 220.

பணத்தைவிட வலித்தது அதற்குப் பின் வந்த நான்கு மாதங்கள். ஒரு வருடத்துக்கு வேறு எங்கும் சேர முடியாது என்று யாரோ சொன்னதை நம்பி ஒதுங்கிக் கிடந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரிந்த பிறகு, ஜனவரியில் ஒரு தெற்காசிய சொரோரிட்டியில் சேர்ந்து பட்டம் வாங்கும்வரை அங்கேயே இருந்தேன். என் நெருங்கிய தோழிகள் எல்லோரும் அங்கே கிடைத்தவர்கள்தான். ஆகவே சேராதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சேருங்கள். எந்தத் தாள் எதற்கு உங்களைக் கட்டிப்போடுகிறது என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

1. எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்

கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்திருப்பவை எல்லாம் ஒன்றல்ல. விதி, செலவு, காலம் மூன்றும் வகைக்கு வகை மாறும்.

பெரிய வீடும் வாசலில் தூண்களுமாக நீங்கள் படங்களில் பார்த்த சொரோரிட்டிகள் பெரும்பாலும் நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸின் (என்பிசி) கீழ் வரும் 26 அமைப்புகளைச் சேர்ந்தவை. இவற்றில் சேர்வதற்குப் பல வளாகங்களில் முறையான, பல சுற்றுகள் கொண்ட ரஷ் உண்டு. பையன்களுக்கான ஃபிரட்டர்னிட்டிகளை வளாகத்தில் இன்டர்ஃபிரட்டர்னிட்டி கவுன்சில் கவனிக்கிறது. அங்கே ரஷ் கொஞ்சம் தளர்வானது: போய்ப் பேசுவது, சாப்பிடுவது, விளையாடுவது, பிடித்திருந்தால் பிட். பிட் என்றால் ‘எங்களோடு சேர வாருங்கள்’ என்ற முறையான அழைப்பு.

கறுப்பின மாணவர்கள் தொடங்கிய ஒன்பது அமைப்புகள் நேஷனல் பான்-ஹெலனிக் கவுன்சிலில் உள்ளன. பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் இது வேறு. பதிவு செய்யும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே சேர்வதை ரஷ் என்று சொல்வதில்லை, இன்டேக் என்பார்கள். முதலாண்டு முதல் செமஸ்டரிலேயே சேர முடியாது. கல்லூரி மதிப்பெண்ணும் சமூகப் பணிக்கான சான்றும் கேட்பார்கள்.

நம் பிள்ளைகள் தவறவிடுவது அடுத்த வகையைத்தான். தெற்காசிய மாணவர்கள் தொண்ணூறுகளில் தொடங்கிய அமைப்புகள்: பெண்களுக்கு டெல்டா ஃபை ஒமேகா, கப்பா ஃபை காமா, சிக்மா சிக்மா ரோ, ஆண்களுக்கு பீட்டா கை தீட்டா, டெல்டா எப்சிலான் சை, அயோட்டா நு டெல்டா. எல்லா வளாகத்திலும் எல்லாம் இருக்காது. பெரும்பாலும் தனி வீடு கிடையாது, அதனால் செலவும் குறைவு. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தெற்காசியா என்றதும் தமிழ்ப் பேச்சும் தயிர்சாதமும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். என்னோடு சேர்ந்தவர்களில் குஜராத்தி, பஞ்சாபி, வங்காளதேசத்துப் பெண்கள் இருந்தார்கள். தமிழ் நான் ஒருத்திதான். முக்கால்வாசிப் பேர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு இந்தியா என்பது கோடை விடுமுறையில் பாட்டி வீடு. எனக்கு நேற்று விட்டுவந்த வீடு. முதல் மாதம் அந்த இடைவெளி உறுத்தியது. பிறகு ஒருத்தி தன் பாட்டியிடம் பேசுவதற்காக என்னிடம் வந்து தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டாள். அவளுடைய அம்மா ஈழத்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இவை போக, படிப்பு சார்ந்த ஃபிரட்டர்னிட்டிகள் இருக்கின்றன: வணிகத்துக்கு ஆல்ஃபா கப்பா சை, டெல்டா சிக்மா பை, பொறியியலுக்கு தீட்டா டௌ. சேவைக்கு ஆல்ஃபா ஃபை ஒமேகா. இவற்றில் ஆணும் பெண்ணும் சேரலாம். வேலைக்கு ஆள் தெரிய வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் நேரே இங்கே போங்கள்.

எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன சமூக வகைச் சங்கங்கள் இளநிலை மாணவர்களுக்கானவை. உங்களுக்கு மின்னஞ்சலில் ‘தகுதியுள்ளவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டீர்கள், கட்டணம் செலுத்துங்கள்’ என்று வருவது ஹானர் சொசைட்டி, நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கான மதிப்புச் சங்கம். டௌ பீட்டா பை போன்ற உண்மையான, மதிப்புமிக்க சங்கங்களும் அப்படித்தான் அழைக்கும். பணம் பறிக்கும் போலிகளும் அப்படித்தான் அழைக்கும். உங்கள் துறை அலுவலகத்தில் கேட்காமல் கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள்.

2. தேதியைப் பிடியுங்கள்

வளாகத்துக்கு வளாகம் இது தலைகீழாக மாறும். அலபாமா பல்கலைக்கழகத்தில் சொரோரிட்டி ரஷ் ஆகஸ்டில், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜனவரியில். பிரின்ஸ்டனில் முதலாண்டு மாணவர்கள் சேரவே கூடாது. ஆகவே அட்மிஷன் உறுதியான கையோடு உங்கள் பல்கலைக்கழகத்தின் ‘ஃபிரட்டர்னிட்டி அண்ட் சொரோரிட்டி லைஃப்’ அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பதிவு திறக்கும் நாள், பதிவு மூடும் நாள், பிட் நாள்.

ஆகஸ்ட் ரஷ் என்றால் பதிவு கோடையிலேயே திறந்துவிடும். அப்போது நீங்கள் விசா நேர்காணலுக்கு ஓடிக்கொண்டிருப்பீர்கள். எஃப்-1 விசாவில் முதல்முறை போகிறவர்கள் ஐ-20இல் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. ரஷ்ஷுக்காக விடுதிக்குச் சீக்கிரம் வந்தால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் இந்த மூன்றையும் பொருத்திப் பாருங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கான ஓரியன்டேஷன் ரஷ் நாட்களோடு மோதினால் ஓரியன்டேஷனைத் தவறவிடாதீர்கள். உங்கள் விசாப் பதிவு வேலை அங்கேதான் நடக்கிறது. ரஷ் நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் அந்தச் சுற்றுக்கு விலக்குத் தர வாய்ப்புண்டு. சொல்லாமல் போகாமலிருந்தால்தான் பெயரை நீக்குவார்கள்.

தெற்காசியச் சங்கங்களுக்கு இவ்வளவு நீண்ட முன்பதிவு கிடையாது. செமஸ்டரின் முதல் இரண்டு மூன்று வாரத்தில் அறிமுகக் கூட்டங்கள் வைப்பார்கள். அறிவிப்பு அவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில்தான் வரும். அந்த இரண்டு வாரம் போனால் அடுத்த செமஸ்டர்தான்.

3. பணக் கணக்கு: வெட்கப்படாமல் கேளுங்கள்

ரஷ் நாட்களில் ஐந்து விஷயங்களைப் பேசாதே என்று எல்லோரும் சொல்லிக் கொடுப்பார்கள்: பசங்க, குடி, மதம், அரசியல், பணம். முதல் நான்கும் சரிதான். ஐந்தாவதுதான் என்னைக் கவிழ்த்தது. கேட்டால் நாகரிகம் தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்று மூன்று நாள் வாய்திறக்கவில்லை. பிட் நாளுக்கு மறுவாரம் பில் வந்தபோது புது உறுப்பினர் கட்டணம் 240, செமஸ்டர் சந்தா 760, பேட்ஜும் இனிஷியேஷனும் (முழு உறுப்பினராக்கும் சடங்கு) 310, ஆக மொத்தம் 1,310 டாலர் என்று இருந்தது. இது என் வளாகத்தில், நான் சேர்ந்த வீட்டின் கணக்கு. ஒரு சங்கத்தின் வளாகக் கிளையை வீடு அல்லது சாப்டர் என்பார்கள். உங்கள் இடத்தில் இதைவிடக் குறையலாம், இரண்டு மடங்காகவும் ஆகலாம். தெற்கு மாநிலங்களின் பெரிய வளாகங்களில் கூடுதலாகவே இருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்து கேட்க வேண்டாம். அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. வளாகத்தில் என்பிசி சொரோரிட்டிகளைக் கவனிக்கும் பான்ஹெலனிக் கவுன்சில்கள் பல தங்கள் இணையப் பக்கத்தில் சராசரிச் செலவை வெளியிடுகின்றன. உங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக ஒரு சீனியரைப் போடுவார்கள், ரோ காமா அல்லது அதுபோன்ற பெயர் இருக்கும். அந்த நாட்களில் அவர் தன் வீட்டோடு தொடர்பை நிறுத்திவைத்திருப்பார். ஆகவே யாருக்கும் சாதகமாகப் பேச மாட்டார். அவரிடம் தனியாகக் கேளுங்கள்: “எனக்கு மிஞ்சிப்போனால் இவ்வளவுதான் முடியும். எந்தெந்த வீடு இதற்குள் வரும்?” என் ரோ காமாவிடம் இதைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். நான் விலகிய பிறகு அவரே வந்து சொன்னது இது.

கேட்க வேண்டியவை:

- முதல் செமஸ்டர் மொத்தம் எவ்வளவு, இரண்டாம் செமஸ்டரிலிருந்து எவ்வளவு?
- வீட்டில் தங்காதவர்களும் வீட்டுப் பராமரிப்புக்குக் கட்ட வேண்டுமா?
- கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் உண்டா, எவ்வளவு?
- தவணையில் கட்டலாமா? சாப்டர் உதவித்தொகை உண்டா?
- பாதியில் விலகினால் எது திரும்பக் கிடைக்கும், எந்தத் தேதிவரை?
- இரண்டாம் ஆண்டில் வீட்டில் கட்டாயம் தங்க வேண்டுமா?

கடைசிக் கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் விலகியதற்கு அதுதான் காரணம். என் பல்கலைக்கழக ஊரில் அடுத்த ஆகஸ்டுக்கான வீட்டு ஒப்பந்தங்களை முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே போட்டுவிடுவார்கள். நானும் மூன்று தோழிகளும் ஒரு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்ட அடுத்த வாரம், இரண்டாம் ஆண்டில் சொரோரிட்டி வீட்டில் தங்குவது கட்டாயம் என்றும் செமஸ்டருக்கு 5,200 டாலர் என்றும் புது உறுப்பினர் கூட்டத்தில் சொன்னார்கள். அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “ஏங்கண்ணு, ஒரே ஆளு ரெண்டு எடத்துக்கு வாடகை கட்டறதா?” என்று மட்டும் கேட்டார். ஆகவே முதல் செமஸ்டரில், எந்தச் சங்கம் என்று முடிவாகும்வரை எந்த வாடகை ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த வீட்டுக் கட்டணத்தில் சாப்பாடும் சேர்த்திதான் என்பார்கள். எத்தனை நாள் சாப்பாடு என்று கேளுங்கள். சனி, ஞாயிறு அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. சைவம் என்றால் ஒரு வேளை மெனுவைப் பார்த்துவிடுங்கள்.

பில்லில் வராத செலவும் இருக்கிறது. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி புது டீ-ஷர்ட், நடன விருந்துக்கு உடை, சீனியரானதும் உங்களுக்கு ஒதுக்கப்படும் ஜூனியருக்குப் பரிசுக் கூடை. ஒவ்வொன்றும் 25, 40 டாலர்தான். செமஸ்டர் முடிவில் கூட்டிப் பார்த்தால் 300ஐத் தொடும். டீ-ஷர்ட் வாங்குவது கட்டாயமில்லை. அதை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்; நீங்களே “இந்தத் தடவை வேண்டாம்” என்று சொல்லப் பழகுங்கள்.

கல்விக்கடனில் போகிறவர்கள் கவனியுங்கள். சங்கச் சந்தா ஐ-20இல் காட்டிய செலவுக்குள் வராது. என் வங்கி, பல்கலைக்கழகம் தரும் ரசீதுக்கு மட்டுமே பணம் விடுவித்தது. அமெரிக்காவில் வாழும் பெற்றோருக்கு: 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து சந்தா கட்டினால் அது தகுதியுள்ள கல்விச் செலவாகக் கணக்கில் வராது. சாப்டர் வீட்டில் தங்கும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பல்கலைக்கழகம் நிர்ணயித்த வரம்புவரை எடுக்கலாம். ஆகவே பில்லில் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

தெற்காசிய சொரோரிட்டியில் நான் கட்டியது செமஸ்டருக்கு 220 டாலர். சேர்ந்த செமஸ்டரில் மட்டும் அதற்கு மேல் 180.

4. தாள்கள்

பதிவுப் படிவம் அரைமணி வேலைபோலத் தெரியும். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டு இடத்தில் இடிக்கும்.

முதலாவது பெயர். இனிஷியல் வைத்த பெயரும், குடும்பப்பெயர் இல்லாத பாஸ்போர்ட்டும் நமக்குச் சாதாரணம். பல்கலைக்கழகப் பதிவேட்டில் அது வேறு வடிவத்தில் ஏறியிருக்கும். அப்பா பெயர் கடைசிப் பெயராகியிருக்கும், அல்லது முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று இருக்கும். ரஷ் பதிவில் பல்கலைக்கழகப் பதிவேட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் கொடுங்கள். கூப்பிடும் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கும், அதில் உங்கள் பெயரை எழுதுங்கள். பெயர் பொருந்தாவிட்டால் மதிப்பெண் சரிபார்ப்பில் நிற்கும். எனக்கு அப்படி நின்று இரண்டு நாள் போனது.

இரண்டாவது மதிப்பெண். முதல் செமஸ்டரில் கல்லூரி ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) இருக்காது, ஆகவே பள்ளி ஜிபிஏவை நான்குக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 541 என்பதை எப்படி மாற்றுவது? நீங்களாக ஒரு கணக்குப் போட்டு எழுதாதீர்கள். தனியார் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு 100 டாலருக்கு மேல் கட்டி அறிக்கை வாங்கவும் ஓடாதீர்கள். நான் வாங்கினேன், யாரும் அதைக் கேட்கவே இல்லை. ஃபிரட்டர்னிட்டி-சொரோரிட்டி அலுவலகத்துக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுதி, வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலை எப்படி ஏற்றுக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். பதிலைச் சேமித்து வையுங்கள்.

மதிப்பெண்ணைச் சங்கத்தோடு பகிர ஒப்புதல் கேட்கும் படிவம் ஒன்று வரும்; அது வழக்கமானதுதான், போடலாம். ‘லெகசி’ என்ற கட்டம் அம்மா, அக்கா உறுப்பினராக இருந்தவர்களுக்கு. காலியாக விடுங்கள், குறையில்லை. முன்னாள் உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம் இல்லையே என்று பலர் பயப்படுகிறார்கள். பல சொரோரிட்டிகள் இப்போது அதைக் கேட்பதே இல்லை. சோஷியல் செக்யூரிட்டி எண் சேர்வதற்குத் தேவையில்லை. படிவத்தில் கேட்டால் எதற்கு என்று விசாரியுங்கள்.

5. ரஷ் நாட்கள்

இதைப் பற்றித்தான் இணையத்தில் மலைபோல வீடியோக்கள் இருக்கின்றன, ஆகவே சுருக்கமாக முடிக்கிறேன். முதல் சுற்றில் எல்லா வீட்டுக்கும் போவீர்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அவர்களும் வடிகட்டுவார்கள், நீங்களும் வரிசைப்படுத்துவீர்கள். கடைசிச் சுற்றுக்குப் பெயர் பிரிஃபரன்ஸ். பெரும்பாலும் இரண்டு வீடுதான் மிஞ்சும். வெயிலில் நடக்க வேண்டும், ஹீல்ஸைப் பையில் வைத்துச் செருப்போடு நடங்கள். முதல் நாளுக்குப் புடவையோ சுரிதாரோ கட்டலாமா என்று கேட்கிறார்கள். அன்று டீ-ஷர்ட் என்று சொல்லியிருந்தால் டீ-ஷர்ட்தான். கடைசிச் சுற்றுக்கு நல்ல சுரிதார் அழகாகவே இருக்கும். நான் அப்படித்தான் போனேன், யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை.

‘உனக்கு பிட் நிச்சயம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பான்ஹெலனிக் விதிப்படி அப்படி வாக்குக் கொடுக்கவே கூடாது. உங்களுக்குப் பிடித்த வீடு இரண்டாம் சுற்றிலேயே உங்களை விட்டுவிட்டால் அழுகை வரும், அழுதுவிடுங்கள். நூற்றுக்கணக்கான பேரோடு ஆளுக்குச் சில நிமிடம் பேசி எடுத்த முடிவு அது. அதில் உங்கள் நிறமோ உச்சரிப்போ எதுவும் இருந்திருக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்; சில இடங்களில் இருந்திருக்கலாம். அப்படி வெளிப்படையாக ஏதாவது பேச்சு காதில் விழுந்தால் நாள், நேரம், வீடு எல்லாவற்றையும் எழுதி ரோ காமாவிடமும் அலுவலகத்திலும் கொடுங்கள்.

6. பத்து நிமிடத்தில் போடச் சொல்லும் கையெழுத்து

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பீர்களானால் இதைப் படியுங்கள்.

பிரிஃபரன்ஸ் சுற்று முடிந்து வெளியே வந்ததும், பேசிக்கொள்ளாமல் நேரே கணினி முன் உட்கார வைப்பார்கள். எந்த வீட்டின் பிட்டை ஏற்பீர்கள் என்று வரிசையாகக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் பெயர் எம்ஆர்ஏபிஏ. அதிலுள்ள சாரம் இது: நீங்கள் குறித்த வீடுகளில் ஒன்று உங்களுக்குப் பொருந்திவந்த பிறகு அதை மறுத்தாலோ, சேர்ந்து இனிஷியேஷனுக்கு முன் விலகினாலோ, அதே வளாகத்தில் அடுத்த முதன்மை ரஷ் வரும்வரை வேறு எந்த என்பிசி சொரோரிட்டியிலும் சேர முடியாது. நடைமுறையில் ஒரு வருடம்.

இரண்டு வீடு மிஞ்சியிருந்து ஒன்றை மட்டும் எழுதினால், அது பொருந்தாவிட்டால் வெறுங்கையோடு நிற்பீர்கள். இரண்டையும் எழுதினால் எங்காவது இடம் கிடைக்கும் வாய்ப்பு மிக அதிகம்; ஆனால் இரண்டாவதும் உங்களைக் கட்டும். ஆகவே உண்மையாகவே போய் உட்காரச் சம்மதமுள்ள வீட்டை மட்டும் எழுதுங்கள். இரண்டுமே வேண்டாம் என்று தோன்றினால் கையெழுத்தே போடாமல் வெளியே வரலாம். அப்படி வந்தவர்களுக்கு அந்தத் தடை கிடையாது. ரஷ் முடிந்த பின், எண்ணிக்கை நிரம்பாத வீடுகள் செமஸ்டர் நடுவிலும் ஆள் எடுக்கும். அதற்குத் தொடர் அழைப்பு முறை என்று பொருள்படும்படி ‘சிஓபி’ என்பார்கள். கூட்டமில்லாமல், அமைதியாக, காபி குடித்துக்கொண்டே பேசலாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த வழிதான் நல்லது என்பது என் கருத்து. ஓரளவு ஊரும் மனிதர்களும் பழகியிருக்கும், பணமும் நிதானமாகக் கேட்கலாம்.

என்னை நான்கு மாதம் முடக்கிய பாதி உண்மை இதுதான். அந்தத் தடை என்பிசியின் 26 சொரோரிட்டிகளுக்கு மட்டும். தெற்காசியச் சங்கத்துக்கோ, படிப்பு சார்ந்த ஃபிரட்டர்னிட்டிக்கோ அது பொருந்தாது. அந்தந்தச் சங்கத்தின் விதியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு கதவும் இருக்கிறது. இனிஷியேஷன் முடிந்துவிட்டால் நீங்கள் ஆயுள் உறுப்பினர். பிறகு விலகினாலும் வேறு என்பிசி சொரோரிட்டியில் என்றைக்கும் சேர முடியாது. விலகுவதா என்ற யோசனை இருந்தால் அந்தச் சடங்கு நாளுக்கு முன் முடிவெடுங்கள்.

7. புது உறுப்பினர் காலம்

பிட் நாளிலிருந்து இனிஷியேஷன்வரை பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம். வாரம் ஒரு கூட்டம், விதிகள் பற்றிய சிறு தேர்வு, சீனியர்களோடு பழக்கம். நல்ல சாப்டரில் இது இவ்வளவுதான். கெட்ட சாப்டரில் இதுதான் ராகிங் நடக்கும் காலம். அங்கே ஹேஸிங் என்பார்கள்.

நம்மூர் ராகிங்கில் சீனியர் வம்புக்கு இழுப்பான், நமக்குக் கோபம் வரும். ஹேஸிங்கில் செய்பவர்கள் உங்களுக்குப் பிடித்தவர்கள், நீங்கள் சேர ஆசைப்பட்டவர்கள். ‘நாங்களும் செய்துதான் வந்தோம்’ என்பார்கள். இரவு இரண்டு மணிக்கு டிரைவராகக் கூப்பிடுவது, ஃபோனை வாங்கி வைப்பது, தூங்கவிடாமல் மனப்பாடம் செய்யச் சொல்வது, யாரிடமும் சொல்லாதே என்பது. கடைசியாகச் சொன்னது ஒன்றே போதும், அது ஹேஸிங்தான். சீனியர்-ஜூனியர் அறிமுக இரவில் ஒரு முழு பாட்டில் மதுவை நீட்டும் வழக்கத்தில் 2021இல் ஓஹையோ மாநிலத்தின் பவுலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் 20 வயது மாணவர் ஒருவர் இறந்தார். நீங்கள் சம்மதித்தீர்களே என்ற வாதம் பல மாநிலச் சட்டங்களில் எடுபடாது.

சேர்வதற்கு முன்பே சோதிக்க ஒரு வழி இப்போது இருக்கிறது. 2024 டிசம்பர் 23 அன்று கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங் சட்டப்படி, விதிமீறியதாக முடிவான மாணவர் அமைப்புகளின் விவரத்தைப் பல்கலைக்கழகங்கள் ‘கேம்பஸ் ஹேஸிங் டிரான்ஸ்பேரன்ஸி ரிப்போர்ட்’ என்று வெளியிட வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரோடு தேடிப் படியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட சாப்டர்களின் பட்டியலையும் பாருங்கள். தடை செய்யப்பட்ட பிறகும் வெளியே வீடு எடுத்து அதே எழுத்துகளோடு ஆள் சேர்க்கும் கும்பல்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகம் அவற்றைக் கண்காணிப்பதில்லை. புகார் சொல்லப் பெயர் தேவையில்லாத இலவச எண் 1-888-668-4293. யாராவது எழுப்ப முடியாமல் கிடந்தால் 911. குடித்தது வெளியே தெரியுமே, விசா போகுமே என்று ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

8. எஃப்-1 விசாக்காரர்களுக்கு மட்டும்

சேருவதற்குக் குடியேற்றச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. சுற்றியுள்ளவற்றில்தான் கவனம் வேண்டும்.

21 வயதுக்குக் கீழ் குடிப்பது சட்டவிரோதம். உங்கள் அமெரிக்கத் தோழிக்கு அது ஒரு அபராதத்தோடு போகலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடிவதற்கு முன்பே விசாவை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் இருக்கிறது. அப்படிச் செய்தும் வருகிறார்கள். விருந்துக்குப் போங்கள், கையில் சோடாவோடு நில்லுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

சாப்டர் வீட்டுக்குக் குடிமாறினால் 10 நாளுக்குள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முகவரியை மாற்றுங்கள்.

வீட்டில் பாத்திரம் கழுவினாலோ ஹவுஸ் மேனேஜராக இருந்தாலோ வாடகை குறைப்போம் என்பார்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு நல்ல ஏற்பாடு. உங்களுக்கு அது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம், வீடு பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் சொத்து அல்ல. உங்கள் டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவர் அலுவலக அதிகாரி) எழுத்தில் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வீட்டு ஒப்பந்தத்தில் அமெரிக்காவில் வசிக்கும் ஜாமீன்தாரர் கேட்டால் மாமா, சித்தப்பாவிடம் ஓடுவதற்கு முன், முன்பணம் கூடுதலாகக் கட்டலாமா என்று கேளுங்கள்.

9. விலக வேண்டி வந்தால்

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். நான் அப்படிச் செய்ததால் அடுத்த மாதமும் பில் வந்தது. சாப்டர் தலைவிக்கும் நிதிப் பொறுப்பாளருக்கும் ஒரே மின்னஞ்சலில், தேதி போட்டு, ‘இன்றிலிருந்து விலகுகிறேன், இனி எனக்குக் கட்டணம் போட வேண்டாம், ரத்தானதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்’ என்று எழுதுங்கள். வளாக அலுவலகத்துக்கும் நகல் போடுங்கள். பில் கட்டும் தளத்தில் உங்கள் வங்கிக் கணக்கைத் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டிலிருந்து (ஆட்டோபே) நீங்களே நீக்குங்கள். வாங்கிய பேட்ஜைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள். பாக்கி வைத்து விலகினால் அது வசூல் நிறுவனத்துக்குப் போகலாம். பிறகு வீடு வாடகைக்கு எடுக்கும்போது அது வந்து நிற்கும்.

உறுதிக் கடிதம் கைக்கு வந்த அன்றே அடுத்த அறிமுகக் கூட்டங்களின் தேதியைத் தேடுங்கள். செப்டம்பர் கடைசியில் விலகினால் இலையுதிர்காலச் சேர்க்கை முடிந்திருக்கும். ஜனவரி மூன்றாம், நான்காம் வாரத்தில் மாணவர் யூனியன் கட்டிடத்தில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அதற்குள் டிசம்பரில் இலையுதிர்கால ஜிபிஏ வந்துவிடும், அதன் ஒரு நகலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.